அழிந்து விட்டதா? முதலில் கையை எடுங்கள்!

“அம்மா, கம்ப்யூட்டர்ல இடமே இல்லை. வேண்டாததை எல்லாம் அழிச்சு விடு. டெலீட்டை மட்டும் அழுத்தாதே, ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்து. அப்பத்தான் இடம் உடனே காலியாகும்” என்று ஹாஸ்டலிலிருந்து என் மகன் போனில் சொன்னான்.

நானும் பரண் சுத்தம் செய்கிற உற்சாகத்தோடு உட்கார்ந்தேன். பழைய சினிமாப் பாட்டு, ஒன்றுக்கு இரண்டாகக் கிடந்த படங்கள், எப்போதோ இறக்கி வைத்த கோலங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. ‘பாப்பா பழசு’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்கு மேலேயே ‘பாப்பா’ என்று இன்னொன்று. அடுப்பில் பால். கண் அங்கே, கை இங்கே. ‘பாப்பா’வை அழித்து விட்டேன்.

சகோதரிகளே, அந்த ஃபோல்டரில் இருந்தது என் பேத்தியின் முதல் ஐந்து மாதம். பிரசவத்துக்கு வந்திருந்த மகள், போனில் இடம் போதவில்லை என்று எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி விட்டுப் போனை வழித்துத் துடைத்து வைத்திருந்தாள். பெயர் வைத்தது, குப்புற விழுந்தது, முதல் தடுப்பூசிக்கு அழுதது, எல்லாம் அதில்தான். இன்னொன்றும் இருந்தது. என் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தி பெற்ற பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்துப் பாடிக்கொண்டே குளிப்பாட்டும் மூன்று நிமிஷ வீடியோ. அதை எடுத்த இரண்டாம் மாதம் அம்மா போய்ச் சேர்ந்து விட்டார். அம்மாவின் குரல் எங்களிடம் இருந்தது அந்த ஒன்றில்தான்.

பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் செய்தது எல்லாமே தப்பு. பதறிப் போய் எல்லா ஃபோல்டரையும் திறந்து திறந்து பார்த்தேன். ‘அழிந்ததை மீட்டுத் தரும்’ என்ற ஒரு புரோகிராமை அதே கம்ப்யூட்டரில் இறக்கினேன். ஒன்றும் புரியாமல், மறுநாள் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரை அணைக்காமலே படுத்து விட்டேன். அணைத்தால் இருப்பதும் போய் விடுமோ என்று பயம்!

காலையில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைத் தம்பி பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “அக்கா, அழிச்சதும் அப்படியே கையை எடுத்திருக்கணும்.”

நான் பட்டதை நீங்கள் படக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அழித்தது எங்கே போகிறது?

நம் சமையலறை அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருக்கிறோம்: துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, ரவை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழிக்கும்போது டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுவதில்லை. சீட்டை மட்டும் கிழிக்கிறது. ‘இந்த டப்பா காலி, யாரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று குறித்து வைக்கிறது. பருப்பு உள்ளேயே இருக்கிறது! வேறு யாராவது வந்து அதில் ரவையைக் கொட்டும் வரைக்கும் இருக்கும். கொட்டிய பிறகு ஆண்டவனாலும் எடுக்க முடியாது.

பழைய டாஸ் கம்ப்யூட்டர்களில் இது இன்னும் வேடிக்கை. ஃபைலை அழித்தால் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி வைத்து, அதன் இடத்தைக் ‘காலி’ என்று எழுதிக்கொள்ளும். இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு பீட்டர் நார்ட்டன் என்ற அமெரிக்கர் 1982இல் ‘அன்இரேஸ்’ என்று ஒரு புரோகிராம் எழுதினார். அழிந்த ஃபைலுக்கு மறுபடி முதல் எழுத்தைக் கொடுத்து உயிர்ப்பித்து விடும். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது ‘ரீசைக்கிள் பின்’ என்ற குப்பைக்கூடையும் கூடவே வந்தது. சாதாரணமாக டெலீட் செய்தால் ஃபைல் அந்தக் கூடையில்தான் விழும். நாம் கூடையைக் கொட்டுகிற வரை பத்திரம். கூடை நிரம்பினால் மட்டும் அடியில் கிடக்கும் பழசு தானாகப் போய்விடும்.

என் மகன் சொல்லிக் கொடுத்த ஷிப்ட் வித்தை இருக்கிறதே, அது கூடையில் போடாமல் நேரே தெருவில் எறிவது. பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் அழிப்பதும் பெரும்பாலும் அப்படித்தான், கூடைக்கு வராது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஷிப்ட்டோடு சேர்த்து அழிக்கும் பழக்கத்தை இன்றைக்கே விட்டு விடுங்கள். கூடையில் ஒரு மாதம் கிடக்கட்டும். பிறகு பார்த்துக் கொட்டலாம்.

இன்னொரு விஷயம். இப்போது புதிதாக வாங்கும் லேப்டாப்களில் சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க் இருப்பதில்லை. எஸ்.எஸ்.டி. என்பதைத்தான் வைக்கிறார்கள். வேகம் அதிகம். ஆனால் அதில் ‘ட்ரிம்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. ‘இந்த டப்பா காலி’ என்று சொன்ன கையோடு உள்ளே இருப்பதையும் கழுவி வைத்து விடும். விண்டோஸில் 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆகவே எஸ்.எஸ்.டி.யில் கூடையையும் தாண்டிப் போனது திரும்பி வருவது அபூர்வம். நம் வீட்டில் இருப்பது எது என்று விசாரித்துத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பழைய ஹார்ட் டிஸ்க். அதனால்தான் எனக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை இருந்தது.

அழிந்த ஐந்து நிமிஷத்துக்குள்

அழித்தது தெரிந்ததும் வரிசையாக இதைச் செய்யுங்கள்.

1. அந்த ஃபோல்டர் இருந்த இடத்திலேயே கண்ட்ரோலையும் ‘இஸட்’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இப்போதுதான் சாதாரணமாக டெலீட் செய்தீர்கள் என்றால் அப்படியே திரும்பி வந்து விடும்.

2. வரவில்லையா? ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். இருந்தால் அதன் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி ‘ரெஸ்டோர்’ கொடுங்கள். எங்கே இருந்ததோ அங்கேயே போய் உட்கார்ந்து விடும்.

3. ஃபோல்டர் ஒன்ட்ரைவ் அல்லது கூகுள் டிரைவோடு இணைந்திருந்ததா? அவற்றுக்குத் தனிக் குப்பைக்கூடை உண்டு. இணையத்தில் உங்கள் கணக்குக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சாதாரண வீட்டுக் கணக்குகளில் இரண்டுமே 30 நாள் வைத்திருக்கும். இதைப் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ பார்ப்பது நல்லது.

4. எங்கேயும் இல்லை, ஹார்ட் டிஸ்கிலிருந்தே போய் விட்டது என்றால், கையை எடுங்கள். எதையும் சேமிக்காதீர்கள், இறக்காதீர்கள், இணையம்கூடப் பார்க்காதீர்கள். நாம் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் கம்ப்யூட்டர் தனக்குள் கொஞ்சம் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த எழுத்து உங்கள் பிள்ளையின் படத்தின் மேல் விழலாம்.

5. கம்ப்யூட்டரை அணைத்து விடுங்கள். ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’, ‘ஷட் டவுன்’ என்று இரண்டு காட்டினால் வெறும் ‘ஷட் டவுன்’தான் கொடுக்க வேண்டும். முதலாவதைக் கொடுத்தால் அணைவதற்கு முன் புதிதாக எதையெதையோ எழுதித் தள்ளும்.

6. மீட்கும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்த டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, மீட்டதை வேறொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். எந்த டிஸ்கிலிருந்து எடுக்கிறோமோ அதிலேயே சேமித்தால், கிணற்றிலிருந்து எடுத்த நகையைக் கிணற்றுக்குள்ளேயே போடுகிற கதைதான்.

மெமரி கார்டில் அழிந்ததென்றால் வேலை கொஞ்சம் சுலபம். கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி வைத்து விட்டால் அதில் யாரும் எழுத முடியாது. பிறகு கம்ப்யூட்டரில் செருகி நிதானமாக மீட்கலாம்.

மீட்பதற்கு இலவசப் புரோகிராம்களே இருக்கின்றன. ‘ரெக்குவா’ என்பது விண்டோஸில் பலரும் பயன்படுத்துவது. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ‘ஃபோட்டோரெக்’ படங்களுக்குப் பேர் போனது. காசு வாங்காமலே கொடுத்து வருகிறார். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2020இல் ‘விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி’ என்று ஒன்று வெளியிட்டது. அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும், பிள்ளைகளின் உதவி தேவைப்படும். நீங்களே செய்வதாக இருந்தால் புரோகிராமை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் வைத்து ஓட்டுங்கள்.

ஃபோட்டோரெக் போன்றவை மீட்டுத் தரும் படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு பெயரில் ஒரே குவியலாக வரும். பயப்பட வேண்டாம். படம் எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். தேதியை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். எனக்கு அதற்கு ஒரு வாரம் பிடித்தது.

நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை

படங்கள் பெரும்பாலும் வந்து விட்டன. வீடியோவைப் போட்டார் கடைத் தம்பி. அம்மாவின் நீட்டிய கால் தெரிந்தது, பிள்ளை தெரிந்தது, பாட்டு ஆரம்பித்தது. பதினோராவது விநாடியில் அப்படியே நின்று விட்டது. எத்தனை முறை போட்டும் அதே பதினோரு விநாடிதான்.

“அக்கா, மிச்ச இடத்துல வேற ஏதோ எழுதியாச்சு. ராத்திரி சிஸ்டம் ஆன்லயே இருந்துச்சா?” என்றார்.

“இருந்தது. ஆனா நான் தொடவே இல்லையே தம்பி!”

“நீங்க தொடலை. அது சும்மா இருக்கலையே. பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அப்டேட் இறங்கியிருக்கு.”

எனக்கு அதுவரை தெரியாது. நாம் பார்க்கும் ஜன்னல்களுக்குப் பின்னால், திரைமறைவில், பல பத்து வேலைகள் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இவற்றைப் ‘பேக்கிரவுண்ட் புராசஸ்’ என்கிறார்கள். அப்டேட் இறக்குவது, வைரஸ் தேடுவது, படங்களை இணையத்தில் ஏற்றுவது, என்றோ வாங்கிய பிரிண்டருக்காகக் காத்திருப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு வேலை. சில அவசியம். சில நம்மைக் கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்டவை. கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்வதற்கும், சும்மா இருக்கும்போதே மின்விசிறி ‘ஙொய்’யென்று சுற்றுவதற்கும் பல வீடுகளில் இந்த இரண்டாம் வகைதான் காரணம். ‘பழசாகி விட்டது, புதுசு வாங்க வேண்டும்’ என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

யார் யார் ஓடுகிறார்கள் என்று பார்க்க வழி இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். வீட்டு வேலையாட்களின் வருகைப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெயருக்கும் நேராக சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று கட்டங்கள் இருக்கும். ‘மெமரி’ என்ற தலைப்பின் மேல் ஒரு தட்டு தட்டினால், அதிகமாகச் சாப்பிடுகிறவர் முதலில் வந்து நிற்பார். ‘டிஸ்க்’ மேல் தட்டினால், யார் இப்போது எழுதுவதும் படிப்பதுமாக இருக்கிறார் என்று தெரியும்.

பெயரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் அந்த வேலை நின்று விடும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்தி விடாதீர்கள்! அதில் நீங்கள் சேமிக்காத வேலை இருந்தால் அதுவும் போய் விடும். ‘சர்வீஸ் ஹோஸ்ட்’, ‘சிஸ்டம்’ என்று தொடங்குபவை விண்டோஸின் கை கால்கள். ‘ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்பது காவல்காரர். சில சமயம் அதிகமாக மூச்சு வாங்கினாலும் அவரை விட்டு விடுங்கள். புரியாத பெயராக இருந்தால் அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘சர்ச் ஆன்லைன்’ கொடுங்கள், விவரம் வரும். தெரியாததைத் தொடாதீர்கள் என்பதுதான் இங்கே விதி.

நிறுத்துவதால் மட்டும் தொல்லை தீராது. மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் மறுபடி வந்து நிற்கும். அதற்கு டாஸ்க் மேனேஜரிலேயே ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ என்ற பகுதிக்குப் போங்கள். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூடவே எழுந்து வருபவர்களின் பட்டியல் அது. வேண்டாததைத் தேர்ந்து ‘டிசேபிள்’ கொடுங்கள். புரோகிராம் அழிந்து விடாது, நாம் கூப்பிட்டால்தான் இனி வரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பாட்டுப் புரோகிராம் ஒன்று, வீடியோ அழைப்புப் புரோகிராம்கள் இரண்டு, பழைய பிரிண்டருடையது ஒன்று என்று நாலு பேரை இப்படி உட்கார வைத்தேன். கம்ப்யூட்டர் திறப்பதற்குள் காப்பி போட்டுக் குடித்து விட்டு வருவேன். இப்போது பொடி போடுவதற்குள் திறந்து விடுகிறது.

குரோம் பிரவுசரை மூடினாலும் அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’ என்பதற்குள், மூடிய பிறகும் பின்னணியில் ஓடட்டுமா என்று கேட்கும் ஒரு பொத்தான் உண்டு. அதை அணைத்து விடலாம். வைரஸ் தடுப்புப் புரோகிராம் ஒன்று போதும். இரண்டு வைத்தால் ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைப்பது போல, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வேலை நடக்காது.

அப்டேட்டின் மேல் எனக்கு வந்த கோபத்தில் அதை ஒரேயடியாக நிறுத்தி விடச் சொன்னேன். தம்பி மறுத்து விட்டார். அவர் சொன்னதுதான் சரி. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்ற விஷமப் புரோகிராம் உலகம் பூராவும் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்றது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். ஆகவே அப்டேட் வேண்டும். எப்போது வர வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்லலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியில் சில வாரம் தள்ளி வைக்க வழி இருக்கிறது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்து விட்டது. விண்டோஸ் 11க்கு மாற முடியுமா என்று விசாரியுங்கள்.

கைப்பேசியில் என்ன செய்வது?

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் போன் இருக்கிறது. இளம் தாய்மார்களின் படங்கள் எல்லாம் அதில்தான். கூகுள் ஃபோட்டோஸில் அழித்த படம் அதன் குப்பைக்கூடையில் இருக்கும். இணையத்தில் ஏற்றப்பட்ட படம் என்றால் 60 நாள், ஏற்றாதது என்றால் 30 நாள். ஐபோனில் ‘ரீசண்ட்லி டெலீட்டட்’ என்ற ஆல்பத்தில் 30 நாள். அதற்குள் பார்த்தால் ஒரு தட்டில் திரும்பி வந்து விடும்.

கூடையிலிருந்தும் போய் விட்டால்? போனுக்குள் இருப்பதை எல்லாம் இப்போது பூட்டுப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆகவே ‘அழிந்த படங்களை மீட்டுத் தருகிறோம்’ என்று வரும் இலவச ஆப்கள் பெரும்பாலும் கூடையில் உள்ளதையோ மங்கிய சிறு படங்களையோதான் காட்டும். நம் படங்கள் அனைத்தையும் பார்க்க அனுமதி கேட்டு, விளம்பரமாகப் பொழியும். வேண்டாம் அந்த வம்பு.

இன்னொன்றை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். போனும் இணையமும் ‘சிங்க்’ ஆகி இருக்கின்றன என்றால், இரண்டு இடத்தில் இருப்பது ஒரே பொருளின் இரண்டு பிம்பம். கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டை அழித்தால் கண்ணாடியிலும் பொட்டு போய் விடுகிறது அல்லவா? அது மாதிரி. ‘போனில் இடம் வேண்டும், கூகுளில்தான் இருக்கிறதே’ என்று கூகுள் ஃபோட்டோஸ் ஆப்புக்குள்ளிருந்தே அழித்தால் இரண்டு இடத்திலும் போய் விடும். இடம் வேண்டுமானால் அதிலேயே ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று ஒன்று இருக்கிறது. இணையத்தில் ஏறிய படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும்.

பயத்தில் ஏமாறாதீர்கள்

பதறி நிற்கும் பெண்பிள்ளையைக் கண்டால் ஏமாற்றுகிறவனுக்குக் கொண்டாட்டம். இணையம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை சிவந்து, ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே பேசவும்’ என்று வந்தால் பேசாதீர்கள். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கை போன் எண் கொடுத்துக் கூப்பிடச் சொல்லாது. அந்தப் பக்கத்தை மூடுங்கள். மூட முடியவில்லையா, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசருக்கு ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். முன்பின் தெரியாதவர் சொல்லி எந்த ஆப்பையும் இறக்கி உங்கள் திரையை அவருக்குக் காட்டாதீர்கள். தவறிப் பணம் போய் விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து வைத்தால் பணம் கைமாறிப் போய் விடும்.

கடையில் கொடுக்கும்போதும் கேட்டுக்கொள்ளுங்கள். மீட்டுக் கொடுத்தால்தான் கூலியா, முயன்றதற்கே கூலியா? எவ்வளவு? மீட்ட படங்களின் நகல் கடையில் இருக்குமா, அழித்து விடுவார்களா? நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அவை. கேட்பதில் வெட்கம் எதற்கு? முடிந்தால் கூடவே உட்கார்ந்து வாங்கி வாருங்கள்.

ஒன்று போதாது, மூன்று வேண்டும்

இனி அந்த வீடியோவின் கதை. பதினோரு விநாடியோடு வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருந்தேன். பாரிஸ் பக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் வழக்கம் போல் ஞாயிற்றுக்கிழமை பேசினார். விஷயத்தைச் சொன்னேன். “அண்ணி, அந்த வீடியோவை அப்பவே எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினீங்களே! நான் எதையும் அழிக்கிறதே இல்லையே!” என்றார். அவர் போனில் இடமே இல்லை என்று நாங்கள் எத்தனை நாள் கேலி செய்திருப்போம்! பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் போனதால் படம் மங்கல்தான். ஆனால் மூன்று நிமிஷமும் இருக்கிறது. அம்மாவின் குரல் முழுசாக இருக்கிறது.

எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை எல்லாரும் அறிவோம். அதைப் 19ஆம் நூற்றாண்டில் பிரதி எடுத்தார்கள். ஒரு பிரதி பாரிஸ் தேசிய நூலகம் வரை போயிற்று. ஏட்டுச் சுவடிகளும் அப்படித்தான். ஓலை செல்லரிக்கும் முன்னே யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதியதால்தான் நம் கைக்கு வந்தன.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. குழந்தைகள் பார்க்கும் ‘டாய் ஸ்டோரி 2’ என்ற கார்ட்டூன் படத்தை 1998இல் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனம் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ தவறான கட்டளை கொடுத்து விட, கண் முன்னாலேயே கதாநாயகப் பொம்மையின் தொப்பி, காலணி என்று ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்ததாம். ‘ஒயரைப் பிடுங்குங்கள்!’ என்று கத்தியிருக்கிறார்கள். அதற்குள் படத்தில் பெரும்பகுதி போய் விட்டது. நகல் வைத்திருக்கிறோமே என்று போய்ப் பார்த்தால், அந்த நகல் ஏற்பாடு ஒரு மாதமாகவே சரியாக வேலை செய்யவில்லை! அத்தனை பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மனுக்கு நினைவு வந்தது. பிள்ளை பெற்று வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் நகலைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார் அவர். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து ஆபீசுக்குக் கொண்டு வந்தார்கள். 1999இல் படம் வெளியானது. ஒரு கைக்குழந்தைக்காரியின் வீட்டு நகல்தான் காப்பாற்றியது!

வல்லுநர்கள் இதற்கு ‘3-2-1’ என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். முக்கியமானதற்கு மூன்று பிரதி. அவை இரண்டு வகையான சாதனத்தில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. எங்கள் வீட்டில் இப்போது கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஒன்று, மகள் வீட்டில் ஒரு டிஸ்கில் ஒன்று. தனி டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்து விடுவேன். எப்போதும் செருகியே வைத்திருந்தால் வைரஸ் வந்தாலும் இடி விழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

வீட்டுக்கு வெளியே ஒன்று எதற்கு என்று கேட்கிறீர்களா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது! தரையில் வைத்த கம்ப்யூட்டரும் அதன் பக்கத்திலேயே வைத்த நகலும் ஒன்றாகத்தான் நனையும். படங்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரம், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களின் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. எப்போதாவது அதைத் திறந்து, இரண்டு படத்தையாவது போட்டுப் பாருங்கள். ஊறுகாய் ஜாடியை மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பதில்லையா?

மறக்காமல் இருக்க

இதை வெட்டி எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

• ஷிப்ட்டோடு சேர்த்து டெலீட் செய்யாதீர்கள்.
• அழிந்தால் முதலில் கண்ட்ரோல் இஸட், பிறகு குப்பைக்கூடை, பிறகு இணையக் கணக்கின் கூடை.
• அதிலும் இல்லையென்றால் எதையும் இறக்காமல் உடனே ‘ஷட் டவுன்’.
• மீட்டதை வேறு டிஸ்கில் சேமியுங்கள்.
• மாதம் ஒரு முறை ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். தெரியாததைத் தொடாதீர்கள்.
• போன் எண் கொடுத்துப் பயமுறுத்தும் திரையை நம்பாதீர்கள். பணம் போனால் 1930.
• மூன்று பிரதி. ஒன்று வெளியூரில் இருக்கட்டும்.

நான் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நகல் எடுக்கிறேன். எடுத்து முடித்ததும், சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு வீடியோவைப் போடுவேன். எதை என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நிமிஷம் ஓடி முடிகிற வரைக்கும் பேத்தி என் மடியை விட்டு அசைவதில்லை. “கொள்ளுப் பாட்டி” என்று திரையைத் தொட்டுக் காட்டுகிறாள்.